நாலாம் மணி நேரப் படம்

ஆகஸ்ட் 19, 2025, செவ்வாய்

அமெரிக்க வழக்குகளுக்காகப் படித்து முடித்து அனுப்பிய மெடிக்கல் ஃபைலை எல்லாம் மறுபடி திறக்க வேண்டுமாம். எக்செல் ஷீட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. இரைப்பை காலியாகும் ஸ்கேன்: உண்டு, இல்லை. பிலடெல்பியாவில் நீதிபதி தீர்ப்பு எழுதுகிறார், பெருங்குடியில் எங்கள் டார்கெட் இரட்டிப்பாகிறது.

டீம் லீடர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. ஓவர்டைம் உண்டாம். பகல் ஷிஃப்ட் பற்றிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஏசிக்கு நேர் கீழே சீட். கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்றரைக்கு கேப். பல்லாவரம் ரேடியல் ரோட்டில் தூங்கி, குரோம்பேட்டையில் டிரைவர் அண்ணா எழுப்பினார். அண்ணன் அறையில் விளக்கு எரிந்தது. தூக்கம் வரவில்லையாம். பசியும் இல்லையாம். சந்தோஷமாகச் சொல்கிறான்.

ஆகஸ்ட் 20, புதன்

இல்லை. இல்லை. இல்லை. உண்டு. இல்லை.

ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எண்டோஸ்கோப்பி இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு ஓடிய ராத்திரிகள் இருக்கின்றன. ஸ்கேன் மட்டும் இல்லை. டாக்டர் வாந்தியைப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, காஸ்ட்ரோபரீசிஸ் (இரைப்பை முடக்கம்) என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் இதைக் கோர்ட்டில் எண்ணுவார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

வந்ததும் பான்-டி போட்டேன். நெஞ்சில் நெருப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேன்டீன் சாம்பார் சாதம் தின்றால் வேறென்ன நடக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தீர்ப்பைப் படுத்துக்கொண்டே படித்தேன். வெளியே கிடைக்கிறதுதான், ரகசியம் இல்லை. மார்ஸ்டன் என்ற நீதிபதி. ஓசெம்பிக் மாதிரி ஊசிகள் மீதான இந்த வழக்குகளை எல்லாம் 2024 பிப்ரவரியில் ஒன்றாகக் கட்டி, 3094 என்று நம்பர் போட்டு பிலடெல்பியாவுக்கு அனுப்பியபோது பிராட்டர் என்ற அம்மா இருந்தார். அந்த மே மாதமே இறந்துபோனார். அதற்கப்புறம் இவர்.

குமட்டல், வாந்தி, நாலு வாயிலேயே வயிறு நிறைவது, இதெல்லாம் வேறு பத்து வியாதியிலும் வரும். ஸ்கேன் இல்லாமல் இரைப்பை முடங்கியது என்று நிபுணர் சொல்வதை ஏற்க முடியாது. சுருக்கம் இதுதான். மருத்துவ சங்கங்களின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. நர்சிங் காலேஜில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

நீதிபதி சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று பெரிய ஃபைல். மூவாயிரத்துச் சொச்சம் பக்கம். பெயர் எழுதக் கூடாது, இங்கேயும் எழுத மாட்டேன். பஸ் அம்மா என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்கூல் பஸ் ஓட்டியவர். டென்னசி. ஐம்பத்தொன்று.

முதல் ஐந்நூறு பக்கம் கர்ப்பப்பை ஆபரேஷன், முழங்கால், சர்க்கரை. ஊசி தொடங்கியது 2022 கடைசியில். எடை இறங்க இறங்க டாக்டருக்கு அனுப்பிய மெசேஜ்களில் ஆச்சரியக்குறி கூடிக்கொண்டே போகிறது. பழைய ஜீன்ஸ் நுழைகிறதாம். பேத்தியோடு ஓட முடிகிறதாம். வாசிக்க எனக்கே குஷியாக இருந்தது.

அதற்கு மேல் படிக்க நேரமில்லை. திங்கட்கிழமை.

ஆகஸ்ட் 23, சனி

பதினோரு மணி வரை தூங்கினேன். அம்மா தோசை வார்த்தாள். அண்ணன் ஒன்றரையோடு தட்டில் கை கழுவினான். ஐந்து தோசை தின்கிற ஆள்! அம்மா கல்லை இறக்கவே இல்லை. இன்னும் ஒண்ணுடா, பொடி வச்சு. வேணாம்மா. முறுகலா. வேணாம்மா. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

அதே ஊசிதான் அண்ணனுக்கும். நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று மூன்று கிலோ. மூன்று மாதச் சர்க்கரை 9.8 ஆக இருந்தது, போன வாரம் 7.4. அப்பா காலில் விரல் எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணனுக்கும் இருக்கிறது. இந்த ஊசியை நான் எப்படித் திட்டுவது?

பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணி தேடிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பஸ் அம்மா, பக்கம் தொள்ளாயிரத்துக்கு மேல். ஆச்சரியக்குறிகள் நின்றுவிட்டன.

ஞாயிறு சாப்பிட்ட சோறு செவ்வாய்க்கிழமை அப்படியே வந்தது என்று எழுதியிருக்கிறார். அழுகின முட்டை வாசனையில் ஏப்பம். ஸ்டியரிங் பக்கத்தில் பிளாஸ்டிக் பை. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் லீவு. அடுத்த மாதம் வேலை இல்லை. இதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பிய மெசேஜ். அவருக்கு ராத்திரி இரண்டு, எனக்கு மதியம். நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

எண்டோஸ்கோப்பி: ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தும் இரைப்பையில் சாப்பாடு. படம் இருக்கிறது. புதிய கட்டத்துக்கு அது போதாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பஸ் அம்மாவுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஆ என்றேன். தேதி குறித்திருக்கிறார்கள். ரிசல்ட் தேடுவதற்குள் கேப் நேரம்.

சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன். யாரோ ஒருத்திக்கு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு இல்லை. அமெரிக்கா லீவுதான் எங்களுக்கு லீவு. கொழுக்கட்டை டப்பாவோடு ஆபீஸ். அண்ணன் வீட்டில் அரைக் கொழுக்கட்டை தின்றான். பிள்ளையாரே கேட்டாலும் அவ்வளவுதானாம். அம்மா பூஜை அறையிலிருந்து வெளியே வரவில்லை.

ரிசல்ட்டைக் கண்டுபிடித்தேன்.

முட்டை வெள்ளைக்கருவில் கொஞ்சம் டெக்னீசியம் கலந்து பொரித்துக் கொடுப்பார்கள். இரண்டு ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாம், 120 மில்லி தண்ணீர். பத்து நிமிடத்தில் தின்று முடிக்க வேண்டும். உடனே ஒரு படம், ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டில் ஒன்று, நாலில் ஒன்று. நாலாம் மணி நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளே தங்கியிருந்தால் தாமதம்.

பஸ் அம்மா பாதி முட்டை தின்றார். முதல் படம் எடுத்தார்கள். முப்பத்தைந்தாவது நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பரிசோதனை நிறுத்தப்பட்டது. முடிவு சொல்ல இயலாது.

வாந்தி எடுக்கிறார் என்று நிரூபிக்க வாந்தி எடுக்காமல் நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மறுபடி ஸ்கேன் எடுக்கவில்லையா என்று மீதிப் பக்கம் முழுக்கத் தேடினேன். டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் முன் அனுமதி கேட்டது. கடிதம். பதில் கடிதம். அதற்குள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். மெல்ல மெல்லக் கஞ்சி இறங்க ஆரம்பித்தது. மறுபடி டெஸ்ட்டுக்கு அவரே வரவில்லை.

வந்திருந்தால் மட்டும்? ஊசி நிறுத்திய பிறகு எடுத்தால் சரியாக வந்திருக்கலாம், அப்போது வியாதியே இல்லை என்பார்கள். நிறுத்தாமல் எடுத்தால், இந்த மருந்தின் வேலையே இரைப்பையை மெதுவாக்குவதுதானே, எல்லோருக்கும் அப்படித்தான் காட்டும் என்பார்கள்.

கட்டத்தில் "உண்டு" போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதினேன். தொடங்கியது, வாந்தியால் நிறுத்தப்பட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஷீட்டைச் சரிபார்க்கிற க்யூசி அக்கா திருப்பி அனுப்பினாள். முடிக்காத டெஸ்ட் டெஸ்ட்டே இல்லை, "இல்லை" போடு. மூணாவதா ஒரு கட்டம் வைக்கலாமே அக்கா என்றேன். கிளையன்ட் கேட்டது ரெண்டுதான்.

மாற்றி அனுப்பினேன். குறிப்பை மட்டும் எடுக்கவில்லை.

சீனியர் சார் டீ குடிக்கக் கூப்பிட்டார். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒல்மிசார்டான் கேஸ் அவர் கையில் வந்ததாம். பிரஷர் மாத்திரை. அமெரிக்காவில் அதைத் தின்றவர்களில் சிலருக்கு மாதக் கணக்கில் பேதி, இருபது முப்பது கிலோ இறங்கி எலும்பாகிப் போனார்கள். 2012-ல் மேயோ கிளினிக் டாக்டர்கள் 22 பேரைப் பற்றி எழுதினார்கள். 2013-ல் லேபிளில் ஏறியது. 2017-ல் அதைத் தயாரித்த டைச்சி சாங்க்யோ 300 மில்லியன் டாலர் வரை தர ஒத்துக்கொண்டது. சுமார் 2,300 வழக்குகள்.

"அப்பவும் இதே கட்டம்தாம்மா. பயாப்ஸி உண்டா, இல்லையா. குடல்ல உறிஞ்சியெல்லாம் மொட்டையாயிருக்கணும், மாத்திரையை நிறுத்தினதும் மறுபடி முளைச்சிருக்கணும்."

எவ்வளவு லேசாகச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 30, சனி

அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒல்மிசார்டான் 20. வருடக்கணக்காக. அம்மாவுக்கு வயிறு இரும்பு, ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் கேட்டேன், பேதி உண்டா என்று. உனக்கு வேற பேச்சே இல்லையா, சாப்பிடற நேரத்துல.

எச்சரிக்கை அச்சிட்ட துண்டுச் சீட்டு எங்கே என்று தேடினேன். கடைக்காரர் பத்து மாத்திரையை அட்டையோடு வெட்டிக் கொடுக்கிறார். சீட்டு எந்தக் காலத்தில் வந்தது. வந்தாலும் எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். அமெரிக்கச் சட்டத்திலும் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி டாக்டரை எச்சரித்தால் போதும், நோயாளியை இல்லை. அம்மாவின் டாக்டர் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுப்பார். அதில் ஒரு நிமிடம் ஃபோன்.

ஆனால் நல்ல டாக்டர். அதையும் எழுதிவிட வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

லேபர் டே. லீவு. பிள்ளையாருக்குக் கிடைக்காத லீவு. பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. உடம்பு அமெரிக்காவில் இருக்கிறது.

நர்சிங் கிளாஸ்மேட் ஃபோன் செய்தாள். நியூக்ளியர் மெடிசினில் இருக்கிறாள். முட்டை ஸ்கேன் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். இங்கே முட்டை தொடாதவர்கள் பாதிப் பேர், அவர்களுக்கு இட்லியில் கலந்து கொடுப்பார்களாம். ரேடியோ ஆக்டிவ் இட்லி. சட்னி கிடையாது, சட்னி வைத்தால் கணக்கு மாறும்.

மாசத்துக்கு எவ்வளவு பேர் வருவாங்க என்றேன். ரொம்பக் குறைச்சல்டி, யார் எழுதறாங்க அதை, பான்-டி போட்டு அனுப்பிடறாங்க.

செப்டம்பர் 2, செவ்வாய்

இல்லை. இல்லை. உண்டு, ஆனால் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தி விட்டார்கள். நாலாம் மணி நேரப் படம் இல்லை. ஸ்கேன் சென்டர் ஐந்து மணிக்கு மூடுமாம். இல்லை என்று போட்டேன்.

ஒரு ஆள் இருபத்திரண்டு வருடச் சர்க்கரை. ஊசிக்கு ஆறு வருடம் முன்பே வாந்தி. அதையும் வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். இவருக்கு இரைப்பை நரம்பைச் சர்க்கரையே தின்றிருக்கலாம். டிவி விளம்பரத்தைப் பார்த்து வக்கீலுக்கு ஃபோன் போட்டிருப்பார். கோபம் வந்தது. இந்த மாதிரி ஆள்களால்தான் அந்தத் தீர்ப்பே என்று தோன்றியது.

பிறகு அவர் அவசரப் பிரிவுக் குறிப்பைப் படித்தேன். பொட்டாசியம் 2.6க்கு இறங்கியிருந்தது. கோபம் போய்விட்டது. எனக்கு நிலையான புத்தியே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

டார்கெட் முடியவில்லை. தலைவலி. பான்-டி.

டாம்பெரிடோன். அதுதான் பான்-டியில் இருக்கிற டி. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை, இதயத் துடிப்பில் கோளாறு வரலாம் என்று. வேண்டுமென்றால் எஃப்டிஏவிடம் தனி விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும். பஸ் அம்மாவின் ஃபைலில் அந்த விண்ணப்பம் இருக்கிறது, ஈசிஜியோடு. அங்கே காஸ்ட்ரோபரீசிஸுக்கு அனுமதியான ஒரே மருந்து மெட்டோகுளோப்ரமைட். அதிலும் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை, பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாயும் நாக்கும் தானாக ஆடத் தொடங்கும் என்று. அந்த மருந்தின் பேரிலும் ஒரு காலத்தில் வழக்குகள் குவிந்தன.

நான் பான்-டியைத் தெருமுனைக் கடையில் சீட்டில்லாமல் வாங்குகிறேன். பன்னிரண்டு வாரத்தை எப்போதோ தாண்டியாயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

குறிப்பை க்யூசி அக்கா அழித்துவிட்டாள். நான் மறுபடி போட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மறுபடி அழித்திருக்கிறாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் கொண்டுவந்த பருப்பு உருண்டைக் குழம்பை மட்டும் வாங்கித் தின்றேன்.

புது மெயில். ஸ்கேன் இல்லாதவர்களுக்கு வேறு பாதிப்பு ஏதாவது இருந்தால் தனியே குறிக்கவும்: குடல் அடைப்பு, இலியஸ், பித்தப்பை. அந்த வழக்குகள் தொடரலாம். குடல் இயக்கம் நின்றுபோகும் இலியஸ் 2023 செப்டம்பரில்தான் ஓசெம்பிக் லேபிளில் ஏறியது. ஊசிக்கு அனுமதி கிடைத்ததோ 2017 டிசம்பரில்.

அண்ணனுக்கு இன்று டாக்டர் அளவைக் கூட்டினார். ஊசி போட்டுக்கொண்டு வந்து மீசையை முறுக்குகிறான். தொண்ணூறைத் தொட்டால் பழனிக்கு நடந்து போவானாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சந்திர கிரகணம். அம்மா சாயங்காலமே எல்லோருக்கும் போட்டுவிட்டாள். கிரகணம் விடும்வரை தண்ணீர்கூடக் கூடாது. அண்ணனுக்குக் கவலையே இல்லை, தினமும் எனக்குக் கிரகணம்தான் என்கிறான். பாதி அவியலைத் தட்டிலேயே வைத்துவிட்டான். கொஞ்சம் வெளுத்திருக்கிறான். கேட்டால் வெயில் என்கிறான்.

மொட்டை மாடியில் சிவந்த நிலா. நான் மட்டும் பார்த்தேன். பசி.

செப்டம்பர் 8, திங்கள்

கிளம்பும் நேரத்தில் அண்ணன் பாத்ரூமில். கதவுக்கு வெளியே நின்றேன். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அவியல். நேற்றுச் சாயங்காலத்து முருங்கைக்காய், கேரட், அப்படியே. இருபத்திநாலு மணி நேரம் ஆகிறது.

ஆபீசில் ஒரு பக்கமும் ஓடவில்லை. அங்கே ஃபோன் கூடாது, லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ நேரத்தில் ஓடி வந்து கூப்பிட்டேன். தூங்குகிறான் என்றாள் அம்மா. சோடா குடித்தானாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மறுபடி. தண்ணீரும் தங்கவில்லை. ஏப்பம் நாறுகிறது என்று அவனே மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஃபைலில் படித்திருக்கிறேன்.

லீவு சொன்னேன். டீம் லீடர் பெருமூச்சு.

நர்ஸ் புத்தி வந்துவிட்டது. நாடி, பிரஷர், நாக்கு. ஓஆர்எஸ் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக. அடி வயிற்றில் காது வைத்து இரைச்சல் கேட்டேன். இருந்தது. குடல் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு மரியாதை நான் கொடுத்ததே இல்லை.

நோட்டில் நேரம் எழுதிவைக்கிறேன். எப்போது தின்றான், எப்போது வந்தது, என்ன நிறம். அம்மா கேட்டாள், எதுக்குடி இதெல்லாம். கோர்ட்டுக்கா என்று அண்ணன் சிரித்தான். சிரிக்கிற அளவுக்கு இருக்கிறான்.

செப்டம்பர் 10, புதன்

டாக்டரிடம் போனோம். இது எதிர்பார்த்ததுதான், அளவு கூட்டும்போது நிறையப் பேருக்கு வரும், ஒரு வாரம் தள்ளிப் போட்டு பழைய அளவுக்கே போகலாம் என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கலாமா சார் என்றேன். எதுக்கும்மா? இட்லி ஸ்கேன் என்று ஆரம்பித்தேன். தேவையில்லைம்மா.

அவர் சொன்னது சரி. இரண்டு நாள் வாந்திக்கு யாரும் அதை எடுக்க மாட்டார்கள். டென்னசியிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

சீட்டில் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். வாமிட்டிங், இரண்டு நாள். ஊசி என்ற வார்த்தையே இல்லை. நான் மெடிக்கல் ரெக்கார்ட் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்தச் சீட்டு என் மேஜைக்கு வந்தால் நானே இல்லை என்றுதான் போடுவேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அண்ணன் ரசம் சாதம் தின்றான். தங்கியது.

அம்மா ஊசிப் பேனாவைக் குப்பையில் போட எடுத்தாள். அண்ணன் பிடுங்கி ஃபிரிட்ஜில் வைத்தான். பெரிய சண்டை. அப்பாவோட விரலை மறந்துட்டியா என்று கத்தினான். அம்மா அழுதாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆபீஸ். பஸ் அம்மாவின் ஃபைலைத் திறந்தேன். என் பட்டியலில் இல்லை, முடிந்துபோன ஃபைல். இருந்தாலும் திறந்தேன்.

2023 மே மாத அவசரப் பிரிவு. சிடி ஸ்கேன் ரிப்போர்ட், கடைசிக்கு முந்தின வரி: சிறுகுடல் வளையங்கள் விரிந்துள்ளன, இலியஸாக இருக்கக்கூடும். அந்தச் சொல் லேபிளில் ஏறுவதற்கு நாலு மாதம் முன்பு!

புக்மார்க் போட்டேன். தனிப் பட்டியலில் சேர்த்தேன். கை நடுங்கியது. காபி அதிகம்.

சீனியர் சார் பார்த்துவிட்டு, "இருக்கக்கூடும்னு எழுதினதை எதிர்த் தரப்பு கடிச்சுத் துப்பிடும்மா" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆனா பக்கம் நம்பர் சரியாப் போடு" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

வழக்கு எப்போது போட்டார் என்று பார்த்தேன். டென்னசியில் ஒரு வருடம்தான் கெடு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். வாந்தி வந்த நாளா, காரணம் தெரிந்த நாளா. அவர் தன் மெசேஜில் முதன்முதலாக இது ஊசியாலா என்று கேட்ட தேதியைக் குறித்தேன். யாரும் கேட்காமலே.

டாக்டரின் பதில்: அப்படித் தோன்றவில்லை, தொடருங்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

உண்டு. உண்டு. இல்லை. உண்டு. அபூர்வமான நாள். ஒருத்தருக்கு நாலாம் மணி நேரத்தில் நாற்பத்தொரு சதவீதம். படம் முழுசாக, நேரம் முழுசாக, மருந்து எதுவும் குறுக்கே இல்லாமல். ஆபீசே கைதட்டாத குறை. நானும்தான். பிறகு நினைத்துக்கொண்டேன், எதற்குக் கைதட்டுகிறோம். அந்த ஆளின் இரைப்பை செத்துக் கிடக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

பக்கத்து சீட்டுப் பெண் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வை அச்செடுத்து ஒட்டியிருக்கிறாள். 2023 அக்டோபர். எடை குறைக்க இந்த ஊசி போட்டவர்களுக்கு, வேறொரு மருந்து தின்றவர்களைவிட காஸ்ட்ரோபரீசிஸ் 3.67 மடங்கு, குடல் அடைப்பு 4.22 மடங்கு. ரொம்பப் பேருக்கு இல்லைதான், சிலருக்குத்தான். அந்தச் சிலர்தான் எங்கள் ஷீட்டில். வழக்குகள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஊசிகளைத் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க், எலை லில்லி இரண்டும் தங்கள் லேபிள் போதுமானது என்கின்றன.

டீம் லீடர் சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது என்று கிழித்துப் போட்டார்.

பகல் ஷிஃப்ட் கேட்டேன். பார்க்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

அண்ணன் பழைய அளவு ஊசி போட்டுக்கொண்டான். நான்தான் போட்டுவிட்டேன். கேட்டான், மறுக்கவில்லை. தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி.

பஸ் அம்மாவின் ஷீட் கிளையன்டுக்குப் போய்விட்டது. ஸ்கேன்: இல்லை. இலியஸ்: சந்தேகம், பக்கம் எண்ணோடு. என் குறிப்பு அதில் இருக்கிறதா இல்லையா தெரியாது, ஃபைலைப் பூட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படையல். அண்ணன் இலையில் உட்கார்ந்து இரண்டு வடை, கொஞ்சம் பாயசம், வாழைக்காய்ப் பொரியல். அம்மா மூன்றாவது வடை வைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

நன்றாக இருக்கிறான். தொண்ணூற்றெட்டு கிலோ. எனக்குத்தான் எரிகிறது. பான்-டி இல்லாமல் இருந்து பார்க்கிறேன். மோர்.

நம் ஊர் சட்டத்தைத் தேடினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எச்சரிக்காவிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்றும் இருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் தர வேண்டிய பொருளென்றால் அவரை எச்சரித்தால் தப்பிக்கலாம் என்றும் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் அதே கதவு.

இன்னொன்று இருக்கிறது. மருந்தின் பக்க விளைவை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காஜியாபாத்தில் இருக்கிற பார்மகோபியா கமிஷன். 1800-180-3024. வேலை நாளில் காலை 9 முதல் மாலை 5.30 வரை. நான் தூங்கும் நேரம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தூங்காமல் கூப்பிட்டேன். எடுத்தார்கள், அதுவே ஆச்சரியம். பொறுமையாகக் கேட்டார் அந்தப் பெண். வயது, எடை, எப்போதிலிருந்து, எந்த அளவு, வாந்தி எத்தனை மணிக்கு. என் நோட்டு இருந்தது, கடகடவென்று சொன்னேன். வேறு மருந்து? சொன்னேன். ஊசி நிறுத்தியதும் நின்றதா? நின்றது. மறுபடி போட்டபோது வந்ததா? பழைய அளவில் வரவில்லை.

பேட்ச் எண் கேட்டார்.

அளவு கூட்டிய அந்தப் பேனாவின் பெட்டியை அண்ணன் எறிந்துவிட்டான். பில்லில் இருக்குமா என்று பார்த்தேன். பில் வெள்ளையாகிவிட்டது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. பரவாயில்லை மேடம், தெரியவில்லை என்று போட்டுக்கொள்கிறேன், புகாரைப் பதிவு செய்யலாம் என்றார். பதிவு செய்தார். எண் கொடுத்தார், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த பெட்டி வாங்கும்போது பேட்ச் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியாயிற்று. பில்லையும். அம்மா மாத்திரை அட்டையையும், வெட்டாமல் முழுதாக வாங்கி.